பிரிட்டனின் பீட் சீனி: ஏறி இறங்கிய ஒரு கோட்டின் கதை



ஒரு பொருளின் உள்நாட்டு உற்பத்தியைக் காட்டும் வரைபடம் ஒன்றைக் கொடுத்து விளக்கச் சொன்னால், நம் மாணவர்களில் பலர் என்ன எழுதுகிறார்கள்? "இந்த ஆண்டில் கூடியது, அந்த ஆண்டில் குறைந்தது" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். கோடு ஏறியது நமக்கும்தான் தெரிகிறது. ஏன் ஏறியது? யார் ஏற்றிவிட்டார்கள்? அதற்கான காசு யார் பையிலிருந்து போனது? இந்த மூன்று கேள்விக்கும் விடை தேடும்போதுதான் வரலாற்றுக் கட்டுரை தொடங்குகிறது.

இதைப் பழகிப் பார்க்க நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது: பிரிட்டனின் பீட் சீனி. 1900இல் அந்த நாட்டில் வணிக அளவில் பீட் சீனியே கிடையாது. 1934இல் 400,000 ஏக்கர் அளவுக்குப் பீட் பயிர். ஒரு காலத்தில் 18 ஆலைகள், இன்றைக்கு 4. அங்கே மண் மாறவில்லை, மழையும் பெரிதாக மாறவில்லை. அப்படின்னா மாறியது எது? ஒவ்வொரு திருப்பத்திலும் அரசாங்கம் எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. பெரும்பாலும் அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. இந்தக் கோட்டின் ஒரு முனை நம் பினாங்கு மாநிலத்தின் தென்பகுதி வரைக்கும் நீள்கிறது. அதையும் பார்ப்போம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "சர்க்கரைக் கிழங்கு" என்று எழுதினால் நம் பிள்ளைகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. நாம் கூட்டு வைக்கும் சிவப்பு பீட்ரூட்டுக்கு இது உறவு. ஆனால் வெள்ளை நிறம், கூம்பு வடிவம், பொதுவாக அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எடை. வேரில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சீனி. இதைச் சீவி, வெந்நீரில் ஊறவைத்துச் சாற்றை இறக்கி, சுண்ணாம்பு சேர்த்துத் தெளியவைத்து, காய்ச்சினால் வெள்ளைச் சீனி. சக்கை மாட்டுத் தீவனத்துக்குப் போகும். கரும்புச் சீனிக்கும் பீட் சீனிக்கும் நாக்கில் வித்தியாசம் தெரியாது. வேதியியலில் இரண்டும் ஒன்றே. 1747இல் பெர்லினைச் சேர்ந்த மார்கிராஃப் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது இதைத்தான்.

போர் வளர்த்த பயிர்

மார்கிராஃபின் மாணவர் அகார்ட் 1801இல் சைலீசியாவின் கூனர்ன் என்ற இடத்தில் முதல் பீட் சீனி ஆலையைத் தொடங்கினார். நெப்போலியன் வந்திருக்காவிட்டால் அது ஒரு சோதனை முயற்சியாகவே நின்றுபோயிருக்கலாம். 1806இல் நெப்போலியன் பிரிட்டிஷ் சரக்குகளுக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை மூடினார். கடலில் பிரிட்டிஷ் கடற்படை காவல் நின்றது. கரீபியத் தீவுகளின் கரும்புச் சீனி பிரான்சுக்கு வருவது அருகிப்போனது. 1811இல் 32,000 ஹெக்டேரில் பீட் பயிரிட வேண்டும் என்று நெப்போலியன் ஆணையிட்டார். அடுத்த ஆண்டு, நல்ல சீனி எடுத்துக் காட்டிய டெலசேர் என்பவருக்குத் தம் மார்பிலிருந்த பதக்கத்தையே கழற்றிக் குத்திவிட்டார் என்பார்கள். பாடநூல்களில் இந்தக் காட்சி அடிக்கடி வரும். நமக்கு வேண்டியது அதன் அடியில் உள்ள செய்தி: பிறக்கும்போதே பீட் சீனி சந்தையின் பிள்ளையாகப் பிறக்கவில்லை. முற்றுகையின் பிள்ளை அது.

பிரிட்டனுக்கு அப்போது பீட் தேவைப்படவில்லை. கடல் அதன் கையில், கரும்புத் தீவுகளும் அதன் கையில். 1830களில் எசெக்ஸ் மாவட்டத்தில் ஒரு சிறு முயற்சி, 1860களின் இறுதியில் சஃபோக் மாவட்டத்தின் லாவன்ஹாம் ஊரில் இன்னொன்று, இரண்டும் நிலைக்கவில்லை. ஆனால் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் பீட் மளமளவென்று வளர்ந்தது. அந்த அரசுகள் ஏற்றுமதியாகும் சீனிக்கு ஊக்கத்தொகை கொடுத்தன. அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெர்மானியச் சீனி ஜெர்மனியில் விலை கூடுதலாகவும் லண்டனில் மலிவாகவும் விற்றது. ஜெர்மானியக் குடும்பம் கொடுத்த வரியில் ஆங்கிலேயர் தேநீரில் சீனி போட்டுக் குடித்தார்கள்.

பிரிட்டன் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. 1874இல் சீனி மீதான இறக்குமதி வரியை அடியோடு நீக்கியது. ஜாம் ஆலைகளும் மிட்டாய் ஆலைகளும் பெருகின. நூற்றாண்டின் முடிவில் அங்கே ஓர் ஆள் ஆண்டுக்குச் சராசரியாக 80 பவுண்டுக்கு மேல் சீனி சாப்பிட்டார். 1840 வாக்கில் உலகச் சீனியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பீட், 1900இல் பாதியைத் தாண்டிவிட்டது. உள்நாட்டு பீட் உற்பத்தி என்று பார்த்தால் பிரிட்டனின் கோடு இந்தக் காலம் முழுக்கப் பூச்சியத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. தேர்வில் இந்தத் தட்டைப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கோடு அசையாமல் கிடப்பதற்கும் காரணம் வேண்டும்; இங்கே காரணம், அடுத்தவர் மானியத்தில் கிடைத்த மலிவுச் சீனி.

நிபோங் திபாலுக்கு வந்த அடி

அந்த மலிவுக்கு யாரோ விலை கொடுத்தார்கள். ஜெர்மானிய வரிதாரர்கள் மட்டுமல்ல. 1884இல் உலகச் சீனி விலை சரிந்தது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிக்கு வந்துவிட்டது. கரும்பை நம்பியிருந்த கரீபியத் தீவுகள், மொரீஷியஸ், டெமராரா எல்லாம் தள்ளாடின. அப்போது பிராவின்ஸ் வெல்லெஸ்லி என்று அழைக்கப்பட்ட நம் செபராங் பிறையும் இந்தப் பட்டியலில் உண்டு.

ரப்பருக்கு முன்னால் அங்கே கரும்பு இருந்தது என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. பத்து காவானில் முதலில் சீன விவசாயிகள் கரும்பு போட்டார்கள். 1840களிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்கள் வந்தன. நிபோங் திபால் பக்கம் கலிடோனியா, பைராம் போன்ற தோட்டப் பெயர்கள் இன்றும் நம் காதில் விழுகின்றன. பிறகு கரும்பு எல்லையைத் தாண்டிப் பேராக்கின் கிரியான் வட்டாரத்துக்கும் பரவியது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புக் காட்டுக்குப் போனவர்கள். மலாயாவில் தமிழர் பெருந்திரளாகத் தோட்ட வேலைக்கு வந்தது ரப்பரோடு தொடங்கியதாக எழுதுகிறோம். தொடக்கம் அதற்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே இருக்கிறது.

அந்தத் தோட்டங்களில் வாழ்க்கை எப்படி இருந்தது என்று இங்கே விரிக்க இடமில்லை. கப்பல் செலவும் முன்பணமும் கடனாக ஏறும். ஒப்பந்தம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. போனால் சட்டப்படி குற்றம். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஆளைக் கொண்டுபோகும். கரும்புத் தோட்டங்களின் சாவு எண்ணிக்கை அன்றைய அதிகாரிகளுக்கே சங்கடத்தைக் கொடுத்தது. இந்த நிலையில் லண்டனில் சீனி விலை பாதியானால் என்ன ஆகும்? துரை கப்பல் கட்டணத்தைக் குறைக்க முடியாது. ஆலை இயந்திரத்தின் விலையைக் குறைக்க முடியாது. அவர் கையை வைக்கக்கூடிய ஒரே செலவு கூலிதான். ஆக மலிவான ஆளைக் கட்டிப்போடும் ஒப்பந்த முறையைச் சீனித் தோட்டக்காரர்கள் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஐரோப்பிய பீட்டால்தான் மலாயாவின் கரும்பு அழிந்தது" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். ஜாவாவின் கரும்பும் போட்டிக்கு வந்தது. 1905ஐ ஒட்டி ரப்பர் விலை எகிறியபோது, தோட்டக்காரர்கள் தாங்களாகவே கரும்பைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள். 1910இல் மலாயாவுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. முதல் உலகப் போர் தொடங்கும்போது பெரிய கரும்புத் தோட்டங்களின் காலம் முடிந்திருந்தது. பீட் அந்தத் தொழிலை முதலில் மெலியவைத்தது, ரப்பர் முடித்துவைத்தது என்பது என் கணிப்பு. இப்படிக் காரணங்களுக்கு எடை போட்டு எழுதும் விடைக்குத்தான் கூடுதல் புள்ளி கிடைக்கும்.

மலிவுச் சீனிக் கூத்து பிரிட்டனுக்கே கசக்கத் தொடங்கியது. குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் ஜோசப் சேம்பர்லின், கரீபியத் தீவுகள் திவாலாகின்றன என்று குரல் கொடுத்தார். 1902இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான உடன்பாடு, ஏற்றுமதி ஊக்கத்தொகையை நிறுத்தியது. மானியம் போன பிறகு, நாமும் பீட் போட்டுப் பார்க்கலாமே என்ற பேச்சு இங்கிலாந்தில் எழுந்தது. 1912இல் நார்ஃபோக் மாவட்டத்தின் கேண்ட்லி ஊரில், டச்சுக்காரர்களின் முதலும் அனுபவமும் சேர்ந்து ஓர் ஆலை எழுந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் ஆலை ஓடுகிறது.

1914: பயம் வந்த ஆண்டு

போர் மூண்டபோது பிரிட்டன் சாப்பிட்ட சீனியில் மூன்றில் இரண்டு பங்கு ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. நினைத்துப் பாருங்கள். போர் அறிவித்த அதே நாளில் எதிரிகள்தான் உங்கள் சீனி டப்பாவை நிரப்புகிறவர்கள்! அந்த ஆகஸ்டு மாதமே அரசு ஓர் ஆணையத்தை அமைத்துச் சீனி கொள்முதல் முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஜாவா, கியூபா, மொரீஷியஸ் என்று தேடிப் பிடித்து வாங்கினார்கள். கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. 1918 தொடக்கத்தில் சீனிக்குப் பங்கீடு வந்தது. இத்தனைக்கும் கேண்ட்லி ஆலை 1916இல் மூடிக்கிடந்தது. உழவர்களுக்குத் தானியம் போட்டால் கூடுதல் லாபம். பீட் யார் போடுவார்கள்?

போர் முடிந்ததும் அந்தப் பயம் கொள்கையாக மாறியது. 1920இல் கேண்ட்லி மறுபடி திறந்தது. 1921இல் நியூவார்க் நகருக்கு அருகில் கெல்ஹமில் அரசின் பணத்தோடு இன்னோர் ஆலை. உண்மையான பாய்ச்சல் 1925ஆம் ஆண்டின் சீனி மானியச் சட்டத்தோடு வந்தது. பத்து ஆண்டுக்கு மானியம். முதல் நான்கு ஆண்டுகளில் ஒரு ஹண்டிரட்வெயிட் (ஏறக்குறைய 51 கிலோ) சீனிக்கு 19 ஷில்லிங் 6 பென்ஸ். பிறகு 13 ஷில்லிங். கடைசியில் 6 ஷில்லிங் 6 பென்ஸ். மானியம் வாங்கும் ஆலை, முதல் நான்கு ஆண்டுகளில் உழவருக்கு டன்னுக்கு 44 ஷில்லிங்காவது கொடுக்க வேண்டும்.

விளைவைப் பாருங்கள். 1924இல் சுமார் 22,000 ஏக்கர். 1930இல் ஏறக்குறைய 350,000 ஏக்கர். 1920களின் இறுதிக்குள் 18 ஆலைகள்: 17 இங்கிலாந்தில், ஒன்று ஸ்காட்லாந்தின் கூப்பர் நகரில். வரைபடத்தில் இது செங்குத்துச் சுவர் மாதிரி நிற்கும்.

இதற்குப் போர்ப் பயம் மட்டும் காரணமா? 1921இல் தானியத்துக்கு அரசு கொடுத்திருந்த விலை உத்தரவாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கோதுமை விலை வீழ்ந்தது. கிழக்கு இங்கிலாந்தின் உழவர்கள் திணறினார்கள். ஆலை வாசலில் விலை முன்கூட்டியே தெரிந்த ஒரே பயிர் அவர்களுக்கு பீட்தான். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கோதுமை, பார்லிக்கு நடுவே பீட் போட்டால் மண்ணுக்கும் நல்லது. தழையும் சக்கையும் கால்நடைக்கு. ஆக இந்த மானியத்துக்கு இரண்டு முகம்: வெளியில் "நாட்டுப் பாதுகாப்பு", உள்ளே கிராமங்களுக்கான நிவாரணம். அரசு ஆவணங்களில் முதல் முகம் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலை என்னவோ இடுப்பொடியும் வேலை. அன்றைய பீட் விதை ஒன்று பல முளை விடும். வசந்த காலத்தில் வரிசை வரிசையாக நடந்து, களைக்கொத்தால் மிகுதி நாற்றுகளை வெட்டி ஒற்றைச் செடியாக விட வேண்டும். நவம்பர் குளிரில் சேற்றிலிருந்து கிழங்கைப் பிடுங்கி, இரண்டை ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதறி, கத்தியால் தலையைச் சீவ வேண்டும்.

கோடிக்கணக்கான பவுண்டு செலவாகிவிட்டது. பத்து ஆண்டும் முடியப்போகிறது. தொழில் சொந்தக் காலில் நின்றதா? இல்லை. 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் சீனி, அந்தக் கடைசி மானியமான 6 ஷில்லிங் 6 பென்ஸுக்கும் கீழான விலைக்குக் கிடைத்தது! அதாவது பிரிட்டிஷ் அரசு உள்நாட்டுச் சீனிக்குக் கொடுத்த உதவித்தொகையை வைத்து, அதே அளவு சீனியை வெளியில் வாங்கிவிட்டு மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். கிரீன் குழு 1935இல் இதைத்தான் ஆராய்ந்தது. குழுவின் பெரும்பான்மையினர் மானியத்தை நிறுத்தச் சொன்னார்கள். அரசு கேட்கவில்லை. 1936இல் சட்டம் இயற்றி 18 ஆலைகளையும் பிரிட்டிஷ் சுகர் கார்ப்பரேஷன் என்ற ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தது, உதவியும் தொடர்ந்தது.

பொருளாதாரம் படிக்கும் மாணவர் கிரீன் குழுவின் பக்கம் நிற்பார். வரலாறு படிக்கும் மாணவர் அடுத்த நான்கு ஆண்டைப் பார்ப்பார். 1940 ஜனவரியில் பன்றி இறைச்சி, வெண்ணெயோடு சீனிக்கும் பங்கீடு வந்தது. தொடக்கத்தில் ஆளுக்கு வாரம் 12 அவுன்ஸ், பிறகு பெரும்பாலும் 8 அவுன்ஸ், அதாவது 227 கிராம் அளவில். வீடுகளுக்கான அந்தப் பங்கீட்டின் பெரும்பகுதியைத் தாங்கியது உள்நாட்டு பீட். பெண்கள் நிலப்படையினரும் போர்க்கைதிகளும் அந்தக் குளிர்ச் சேற்றில் கிழங்கு பிடுங்கினார்கள். காசுக் கணக்கில் தோற்ற திட்டம் போரில் கைகொடுத்தது. இரண்டு கூற்றுமே உண்மை. இதில் எதற்கு எடை கூடுதல் என்று மாணவர்களை இரு அணியாகப் பிரித்து வாதாட விடலாம். என் அனுபவத்தில் ஒரு பாட வேளை போதவே போதாது.

பங்கீடு 1953 செப்டம்பரில்தான் முடிந்தது.

இரண்டு உறுதிமொழிகள்

போருக்குப் பிறகு பிரிட்டன் இரு பக்கமும் வாக்குக் கொடுத்தது. உள்ளூர் உழவருக்கு: சுமார் 400,000 ஏக்கர் அளவில் பீட் பயிருக்கு உறுதியான விலை. 1951ஆம் ஆண்டின் காமன்வெல்த் சீனி ஒப்பந்தத்தின் வழியாகக் கரும்பு நாடுகளுக்கு: குறிப்பிட்ட அளவு சீனியை உறுதியான விலையில் வாங்கிக்கொள்வோம். இரண்டு சீனியும் ஒரே சந்தையில். பீட்டுக்கு எல்லை கட்டியதே கரும்புக்கு இடம் விடத்தான். அதனால் 1950களிலும் 60களிலும் பரப்பளவுக் கோடு மறுபடி தட்டையாகிறது. இந்தத் தட்டைக்குக் காரணம் 1890களின் தட்டைக்கு நேர் எதிர்: அன்று ஒரு திட்டமும் இல்லாததால், இப்போது திட்டம் இருந்ததால்.

1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. காமன்வெல்த் ஒப்பந்தம் 1974இல் முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டே பார்த்து எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. உலக விலை நவம்பரில் ஒரு பவுண்டு எடைக்கு 60 அமெரிக்க சென்டைத் தாண்டியது. கரும்பு நாடுகளுக்கு பிரிட்டனைவிட வெளியில் நல்ல விலை. உள்நாட்டு பீட் பயிரையோ மஞ்சள் நச்சுயிரி நோய் பிடித்துக்கொண்டது. இலைகள் மஞ்சளாகி வேரில் சீனி ஏறவில்லை. பிரிட்டிஷ் கடைகளில் சீனி அலமாரி காலி. வரிசையில் நின்று வாங்கினார்கள். 1914க்குப் பிறகு இப்படி ஓர் அதிர்ச்சி எதற்கு வழி வகுக்கும் என்று உங்களுக்கே இந்நேரம் தெரிந்திருக்கும்: பீட் பரப்பு கூடியது. 1970களின் பிற்பகுதியில் அது 200,000 ஹெக்டேர் அளவை எட்டியது. ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய 500,000. பிரிட்டனின் உச்சம் அதுதான்.

கரும்பு நாடுகளையும் கைவிடவில்லை. 1975ஆம் ஆண்டின் லோமே உடன்பாட்டில், 1.3 மில்லியன் டன் கரும்புச் சீனியை ஆண்டுதோறும் ஐரோப்பா உயர்ந்த விலைக்கு வாங்க ஒத்துக்கொண்டது. அதில் மிகப் பெரிய பங்கு, 490,000 டன் அளவில், மொரீஷியஸுக்கு. பிஜி, கயானா நாடுகளுக்கும் பங்கு உண்டு. கரும்பு வெட்டப்போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் நாடுகள் இவை. லண்டனிலும் பிரஸ்ஸல்ஸிலும் முடிவாகும் விலை அவர்கள் ஊர் ஆலையைத் திறந்துவைக்கவும் முடியும், மூடவும் முடியும்.

ஆலை குறைந்தது, சீனி குறையவில்லை

இனிமேல் ஒரே கோட்டைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மூன்று கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆலைகளின் எண்ணிக்கை சரிகிறது: 1970களின் தொடக்கத்தில் கூப்பர் போனது, 1981இல் ஈலி, செல்பி உட்பட நான்கு, 1991இல் பீட்டர்பரோவும் பிரிக்கும், 2007இல் யார்க்கும் ஆல்ஸ்காட்டும். மிஞ்சியவை பெரி செயின்ட் எட்மண்ட்ஸ், கேண்ட்லி, நியூவார்க், விஸ்ஸிங்டன். பரப்பளவும் சரிகிறது: அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய 100,000 ஹெக்டேர், உச்சத்தில் பாதி. ஆனால் மூன்றாவது கோடான சீனி உற்பத்தி, நல்ல ஆண்டுகளில் 1 மில்லியன் டன்னுக்கு மேலேயே நிற்கிறது.

எப்படி? 1920களில் ஒரு ஹெக்டேரில் 20 டன் கிழங்கு வந்தால் நல்ல விளைச்சல். இப்போது 70, 80 டன். 1960களில் ஒற்றை முளை விதை வந்தது. களைக்கொத்தோடு வரிசையில் நடந்தவர்களுக்கு வேலை போயிற்று. களைக்கொல்லியும் அறுவடை இயந்திரமும் மீதி ஆட்களை வெளியேற்றின. மூடப்பட்ட ஒவ்வொரு ஆலையும் ஒரு சிற்றூரின் குளிர்காலச் சம்பளம். "உற்பத்தி நிலையாக இருந்தது" என்று எழுதும்போது அந்த வரிக்குள் இதுவும் அடங்கியிருக்கிறது.

2006ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஐரோப்பா தன் மிகுதிச் சீனியை மானியத்தோடு உலகச் சந்தையில் கொட்டியது. பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டன. 2005இல் இறுதித் தீர்ப்பும் அவற்றின் பக்கமே வந்தது. நூறு ஆண்டுக்கு முன் பிரஸ்ஸல்ஸில் நிறுத்திய அதே பழக்கம் வேறு உடையில் திரும்பி வந்திருந்தது, பாருங்கள்! ஐரோப்பா சீனிக்கான ஆதரவு விலையை நான்கு ஆண்டில் 36 விழுக்காடு குறைத்தது. அயர்லாந்து பீட் சீனியை முற்றாகக் கைவிட்டது. பிரிட்டன் இரண்டு ஆலைகளோடு தப்பித்தது. மொரீஷியஸ் விற்ற சீனிக்கும் அதே 36 விழுக்காடு வெட்டு விழுந்தது. அங்கே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2017 செப்டம்பர் இறுதியில் ஐரோப்பாவின் உற்பத்திப் பங்களவு முறையே முடிவுக்கு வந்தது.

அதன் பிறகு கோட்டை ஆட்டிவைப்பது ஒரு பூச்சி. மஞ்சள் நச்சுயிரி நோயைப் பரப்புவது அசுவினி. அதை அடக்க விதையில் பூசப்பட்ட நியோனிகோடினாய்டு மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களுக்குப் பயன்படுத்துவது, தேனீக்களுக்குக் கேடு என்பதால், 2018இல் தடை செய்யப்பட்டது. 2020இல் நோய் மறுபடி பரவி, பிரிட்டனின் பீட் விளைச்சலில் ஏறக்குறைய கால் பங்கைத் தின்றது. சில பண்ணைகளில் பாதிக்கு மேல் போயிற்று. பிறகு அரசு அவசர அனுமதி கொடுத்தது. 2021இல் கடுங்குளிரில் அசுவினி குறைந்ததால் அது தேவைப்படவில்லை. 2022 முதல் 2024 வரை பயன்பட்டது. 2025 ஜனவரியில் அரசு அனுமதி மறுத்துவிட்டது.

பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021 தொடக்கத்தில் பிரிட்டன் 260,000 டன் கச்சாக் கரும்புச் சீனியை எந்த நாட்டிலிருந்தும் வரியில்லாமல் கொண்டுவர அனுமதித்தது. தேம்ஸ் நதிக்கரையில் 1878 முதல் ஓடும் சில்வர்டவுன் சுத்திகரிப்பு ஆலைக்கு அது நல்ல செய்தி. பீட் உழவர்கள் கொதித்தார்கள்: எங்களுக்குத் தடை செய்த மருந்தை அடித்து வளர்த்த கரும்பு எங்கள் துறைமுகத்துக்கே வரியில்லாமல் வருகிறதே என்று. முன்னுரிமை பெற்று விற்றுவந்த பழைய கரும்பு நாடுகளுக்கும் அதே அனுமதியால் பிரேசிலோடு நேருக்கு நேர் மோத வேண்டியதாயிற்று. இன்றைக்கு பிரிட்டன் சாப்பிடும் சீனியில் பாதிக்கும் சற்றுக் கூடுதலாக உள்நாட்டு பீட்டிலிருந்து வருகிறது. மீதிக்கு இந்த இழுபறி தொடர்கிறது.